காயும் பாவையும்

தாயக் கட்டத்தில் நாம் நகர்த்துகிற பொருளுக்குத் தமிழில் காய் என்று பெயர். வெட்டுப்படாமல் சுற்றி வந்து நடுவீட்டில் ஏறிவிட்டால் அது பழம். புளியங்கொட்டை, சோழி, உடைந்த வளையல் துண்டு, சட்டைப் பித்தான், சாக்குக்கட்டியின் நுனி, எது கைக்கு அகப்பட்டதோ அது காய். ஆடுபுலி ஆட்டத்தில் 23 புள்ளிகள், 3 புலிகள், 15 ஆடுகள். புலிக்கு வரி இல்லை, ஆட்டுக்குக் கொம்பு இல்லை. பெரிய கல் புலி, சின்னக் கல் ஆடு. பரமபதப் படத்தில் பாம்புகளுக்கு முகம் உண்டு, பெயரும் உண்டு. உச்சியில் தெய்வங்கள் அமர்ந்திருக்கிறார்கள். ஏறியும் இறங்கியும் அல்லல்படுகிற ஜீவனுக்கு மட்டும் முகம் கிடையாது. அது புளியங்கொட்டை.

பொம்மைக்கு நம்மிடம் வேறொரு பழைய சொல் இருக்கிறது: பாவை. கண்ணின் கருமணிக்கும் அதுவே பெயர். லத்தீன்காரர்களும் இப்படியே யோசித்திருக்கிறார்கள். சிறு பொம்மைக்கும் கருமணிக்கும் அவர்களிடமும் ஒரே சொல்தான். ஆக, பாவை என்பது பார்க்கப்படுவது மட்டும் இல்லை, பார்ப்பதும்கூட. காய்க்கு இந்த வம்பு கிடையாது. அதை நகர்த்தலாம், வெட்டலாம், ஆட்டம் முடிந்ததும் தெருவில் வீசலாம்.

முகமுள்ள காய்கள் நம் நாட்டில் இல்லாமல் இல்லை. வங்காளத்தில் பெர்ஹாம்பூர் தந்த வேலைக்காரர்கள் செதுக்கிய சதுரங்கக் காய்களில் ஒரு பக்கம் கம்பெனிச் சிப்பாய்கள், எதிர்ப்பக்கம் சுதேச ராஜாவின் யானையும் குதிரையும். மைசூரில் மூன்றாம் கிருஷ்ணராஜ உடையார் (1794–1868) சீட்டுகளில் தெய்வங்களை வரைவித்து, அவற்றுக்கான ஆட்டங்களையும் தாமே வகுத்தார். இவையெல்லாம் அரண்மனைக்கும் துரைமார் வீட்டுக்கும் போனவை. திண்ணைக்கு வந்தது கல்லும் கொட்டையும்தான்.

உருவமற்ற காயில் தத்துவம் கண்டுபிடிக்கக் கிளம்புகிறவர்கள் நம்மிடையே உண்டு. ஜீவன் அருவமானது, ஆகவே காயும் அருவமாயிற்று என்பார்கள். எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. ஒரு காய்க்கு முகம் எழுத ஒருவன் உட்கார வேண்டும். அவனுக்குக் கூலி தர வேண்டும். தாயம் ஆடியவர்களிடம் அது இல்லை. விஷயம் அவ்வளவே.

2

காயையும் பாவையையும் ஒன்றாக்குகிற ஒரு காரியத்தை இரண்டு வருஷங்களாக நான் செய்து வருகிறேன். சென்னையில் கம்ப்யூட்டர் வேலையில் இருக்கிற என் மைத்துனன் வெளிநாட்டிலிருந்து வாங்கி வந்த ஒரு பெட்டியை, தனக்குப் பொறுமை இல்லை என்று என்னிடம் தள்ளிவிட்டான். மார்வல் காமிக்ஸ் பாத்திரங்களை வைத்து 2019ல் வெளிவந்த ‘க்ரைசிஸ் ப்ரோட்டோகால்’ என்கிற விளையாட்டு. மூன்றடிக்கு மூன்றடி களம், எட்டுமுகப் பகடைகள், பத்து உருவங்கள். உருவங்கள் சாம்பல் நிறப் பிளாஸ்டிக்கில், தலை தனி கை தனி உடல் தனியாக, சட்டத்தோடு ஒட்டிக்கொண்டு வரும். வெட்டி, ராவி, ஒட்டி, வர்ணம் பூசவேண்டியது வாங்கியவன் பொறுப்பு.

பகலில் பாங்கிக் கவுண்ட்டரில் நோட்டு எண்ணுகிற விரல்கள் இரவில் இரண்டங்குல உயரத்து ஸ்பைடர்மேனின் மேல் சிலந்திவலை வரைகின்றன. முதலில் கார்ப் பட்டறையில் அடிக்கிற பிரைமரை மெல்லிய புகையாக அடிக்க வேண்டும். இல்லாவிட்டால் பிளாஸ்டிக்கில் வர்ணம் நிற்காது. அப்புறம் தண்ணீர் கலந்த அக்ரிலிக் வர்ணம், ஒரு கனத்த பூச்சுக்குப் பதிலாக மூன்று மெல்லிய பூச்சுகள். உலர்ந்தபின் நீர்த்த கறுப்புச் சாயத்தை ஓடவிட்டால் அது மடிப்புகளில் தங்கி நிழலாகிவிடும். பிறகு ஏறக்குறைய காய்ந்த தூரிகையில் வெளிர்நிறம் தொட்டு மேடுகளை உரசினால் வெளிச்சம் வந்துவிடும். அருப்புக்கோட்டையில் மட்டும் ஒரு கஷ்டம். சித்திரை வெயிலின் உஷ்ணம் ராத்திரி பத்து மணிக்கும் சுவரிலிருந்து வந்துகொண்டிருப்பதால், வர்ணம் தூரிகை நுனியிலேயே காய்ந்துபோகிறது. டிபன் டப்பா மூடியில் நனைந்த ஸ்பாஞ்சைப் போட்டு, அதன்மேல் பட்டர் பேப்பர் விரித்து, அதில் வர்ணம் கலக்கிறேன். ஈரம் கீழிருந்து ஏறிவர, அரைமணி நேரம் வேலை செய்யலாம்.

இதற்குப் பொழுதுபோக்கு என்று பெயர் சொல்கிறார்கள். இலக்கிய விமர்சனம் எழுதுகிறவனுக்கு இது தகுமா என்று நண்பர் ஒருவர் கேட்டார். விமர்சனத்துக்கும் எனக்குக் கூலி கிடைப்பதில்லை என்று பதில் சொன்னேன். அது சாமர்த்தியமான பதில்தானே தவிர நேர்மையான பதில் இல்லை. நேர்மையான பதிலுக்குச் சரித்திரம் பார்க்க வேண்டியிருந்தது.

3

ஐரோப்பாவிலும் காய் வேறு, பாவை வேறாகவே இருந்தன. 1812ல் பிரஷ்யாவின் ரைஸ்விட்ஸ் என்ற பிரபு தம் அரசருக்கு ஒரு யுத்த விளையாட்டு மேஜையைக் காட்டினார். 1824ல் அவர் மகன், ராணுவ அதிகாரி, அதைத் திருத்தி விதிகளோடு வெளியிட்டார். தேசப்படத்தின்மீது சேனைகளாக நகர்ந்தவை சிவப்பும் நீலமுமான சிறு கட்டைகள். ஒரு கட்டை பல நூறு மனிதர்கள். அதிகாரிகளுக்கு அந்த மனிதர்களின் முகம் தேவைப்படவில்லை.

முகங்கள் வேறோரிடத்தில் தயாராகிக்கொண்டிருந்தன. 18ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலிருந்து நூரம்பர்க் நகரத்தில் தட்டையான தகரச் சிப்பாய்கள் வார்க்கப்பட்டார்கள், எடைபோட்டு விற்கப்பட்டார்கள். அவர்களின் மேலங்கிக்கும் கன்னத்துக்கும் வர்ணம் பூசியவர்கள், வேலையை வீட்டுக்கு எடுத்துப்போய்ச் செய்த குடும்பத்தார். அவர்களில் பெண்களும் குழந்தைகளும் இருந்தார்கள். ஒரு வீட்டுக் குழந்தை வர்ணம் பூசிய சிப்பாயை வைத்து இன்னொரு வீட்டுக் குழந்தை விளையாடிற்று. 1893ல் லண்டனில் பிரிட்டன் கம்பெனி உள்கூடான ஈயச் சிப்பாயை வார்க்கும் முறையைக் கண்டுபிடித்து விலையைக் குறைத்தபோதும், தூரிகை பிடித்தவர்கள் பெரும்பாலும் கூலிக்கு உட்கார்ந்த பெண்களே.

இந்த இரண்டையும் சேர்த்துவைத்தவர் எச். ஜி. வெல்ஸ். 1913ல் வெளியான ‘லிட்டில் வார்ஸ்’ என்ற சிறு புத்தகத்தில், அதிகாரிகளின் விதிகளையும் குழந்தைகளின் ஈயச் சிப்பாய்களையும் ஒரே தரையில் கொண்டுவந்தார். காய்க்கு முகம் வந்தது. சின்ன யுத்தம் ஆடிப் பார்த்தவனுக்குப் பெரிய யுத்தத்தின் மடத்தனம் புரிந்துவிடும் என்பது அவர் கட்சி. அடுத்த வருஷமே பெரிய யுத்தம் வந்தது. முகம் தெரிந்தால் வெட்ட மனம் வராது என்கிற நம்பிக்கை எவ்வளவு பலவீனமானது என்பதற்கு வேறு உதாரணம் தேட வேண்டியதில்லை.

இதற்குப் பின் நடந்ததுதான் என் விஷயத்துக்கு முக்கியமானது. இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதிக்குப் பிறகு உலோக உருவங்களை வர்ணமில்லாமல், அம்மணமாக, விற்க ஆரம்பித்தார்கள். 1974ல் ‘டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ வந்தது. 1979ல் இங்கிலாந்தில் சிட்டடல் என்ற உருவ வார்ப்புக் கம்பெனி தொடங்கியது. 1983ல் ‘வார்ஹாமர்’. தூரிகை கூலிக்காரர் கையிலிருந்து வாங்கியவன் கைக்கு மாறிற்று. முன்பு காசு கொடுத்துச் செய்வித்த வேலையை இப்போது காசு கொடுத்து வாங்கிச் செய்கிறோம். கூலிவேலையில் ஒரு பகுதி, கூலி உதிர்ந்து, ரஸனையாக மாறிவிட்டது. மறுபடி 2002ல் ‘ஹீரோகிளிக்ஸ்’ என்ற காமிக்ஸ் விளையாட்டு வந்தபோது வர்ணம் பூசியே விற்றார்கள். அந்தத் தூரிகைகள் சீனத்துத் தொழிற்சாலைகளில் இருந்தன. பொறுமை இல்லாதவனுக்காக எங்கோ ஒருவர் கண் எழுதத்தான் வேண்டியிருக்கிறது.

4

ஹாபி என்ற ஆங்கிலச் சொல் முதலில் ஒரு சின்னக் குதிரைக்குப் பெயர். பிறகு குழந்தைகள் ஓட்டும் பொய்க்குதிரைக்கு. அப்புறம்தான் மனிதன் தனக்குப் பிடித்து ஓட்டிக்கொண்டிருக்கிற காரியத்துக்கு. எங்கள் வறண்ட சீமையிலும் பொய்க்குதிரைகள் உண்டு. ஊருக்கு வெளியே கண்மாய்க் கரையில் அய்யனாருக்கு நிற்கிற மண்புரவிகள். அவை யாருடைய பொழுதுபோக்கும் இல்லை. ஊரார் பிடிமண் எடுத்துக் கொடுத்தால்தான் வேளார் வேலையைத் தொடங்க முடியும். வனைந்து, சுட்டு, வர்ணம் தீட்டி, எல்லாம் முடிந்தபிறகு கடைசியில் கண் திறப்பு. கண் திறந்ததும் அது அவர் கையைவிட்டுப் போய்விடுகிறது. அதுவரை பானைக்கு உறவான மண்; அதற்குப்பின் சாமிக்குச் சொந்தமான குதிரை.

மதுரைக்குப் பக்கத்தில் திருப்பரங்குன்றத்தை அடுத்து விளாச்சேரி இருக்கிறது. வேளார் குடும்பங்கள் நவராத்திரிக் கொலுவுக்குப் பொம்மை செய்கிற ஊர். அச்சில் வார்த்த பொம்மைகள் வெள்ளைப் பூச்சோடு வரிசையாகக் காய்ந்துகொண்டிருக்கும். ஒருவர் எல்லாவற்றுக்கும் உடம்பு நிறம் மட்டும், அடுத்தவர் சேலை மட்டும், இன்னொருவர் ஜரிகை மட்டும். போன வருஷம் ஆவணியில் அங்கே போயிருந்தேன். கண் எழுதிக்கொண்டிருந்த வயதான ஒரு அம்மாவிடம், பையிலிருந்த உருவத்தை எடுத்துக் காட்டினேன். சிவப்பு மண்டையோட்டு முகம் கொண்ட வில்லன்.

“இது என்ன சாமி, தம்பி?”

“சாமி இல்லம்மா, வெளையாட்டுக் காய்.”

“காய்க்கு எதுக்கு மூஞ்சி?”

எனக்குப் பதில் தெரியவில்லை. எத்தனை நாள் வேலை என்று கேட்டார். மூன்று வாரம் என்றேன். இதுக்கு என்ன கூலி குடுப்பாக என்றார். ஒன்றுமில்லை என்றேன். அவர் சிரிக்கவில்லை. “அப்பன்னா நல்லாத்தான் செய்யலாம்” என்று சொல்லிவிட்டு, உருவத்தை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார்.

“கண்ணு எப்ப எழுதினீக?”

“மொதல்ல.”

என் வர்க்கத்து வர்ணக்காரர்கள் பலரும் சொல்லித்தருவது அதுதான். முகத்தின் பள்ளத்தில் இருப்பது கண். அதை முதலில் முடித்துவிட்டால், பிசகிய கோட்டைச் சுற்றிலும் தோல்நிறம் பூசித் திருத்திக்கொள்ளலாம். நியாயமான யோசனை. இதை விளக்கியும் சொன்னேன். அவர் உருவத்தை என் கையில் திருப்பிக் கொடுத்தார். “மொதல்லயே கண்ணத் தொறந்துட்டா, மத்ததெல்லாம் அது பாக்கப் பாக்கல்ல பூசணும்” என்றார். பிறகு அடுத்த லட்சுமியின் கண்ணுக்குப் போனார். நான் நின்றிருந்த நேரத்தில் பத்துப் பன்னிரண்டு லட்சுமிகள் கண் திறந்திருப்பார்கள்.

கண்ணை முதலில் எழுதுகிறவன் தவறைத் திருத்திக்கொள்ள நேரம் உள்ளவன். கடைசியில் எழுதுகிறவருக்கு அந்த நேரம் இல்லை. ஒரு கோடு பிசகினால் முழுப் பொம்மையும் நஷ்டம், அன்றைய கூலியில் குறையும். அதனாலேயே அவருக்குக் கை நடுங்காது. கலை என்பது சுதந்திரத்தில் பிறக்கிறது என்று நாம் எழுதிவந்ததை இந்த இடத்தில் சற்று நிறுத்தி யோசிக்க வேண்டும் என்று எனக்குப் படுகிறது. எனக்கிருக்கிற சுதந்திரம் அவருக்கு இல்லை. அவருடைய கோடு எனக்கு வரவில்லை.

5

நான் பிறந்தது திருச்சுழிக்குப் பக்கத்தில், மழை பெய்தால் மல்லி, பெய்யாவிட்டால் கடன் என்று இருக்கும் ஒரு கிராமம். பெய்யாத வருஷங்களில் எங்கள் பக்கத்து வீடுகளுக்குத் தீப்பெட்டி ஆபீஸிலிருந்து வேலை வரும். 1922ல் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தாவுக்குப் போய்த் தீப்பெட்டித் தொழில் கற்றுத் திரும்பி, மறுவருஷம் சிவகாசியில் தொடங்கியதன் கிளைகள் கரிசல் காடெங்கும் பரவியிருந்தன. கைகளை நம்பி வளர்ந்த தொழில். சின்ன வேலைக்குச் சின்ன விரல் நல்லது என்று யாரோ கண்டுகொண்டதால் குழந்தைகளின் கைகளையும் நம்பிற்று. 1986ல் குழந்தைத் தொழிலாளர் சட்டம் வந்தது. 1996ல் உச்ச நீதிமன்றம் சிவகாசிக் குழந்தைகளைப் பற்றித் தீர்ப்புச் சொன்னது. அந்த வருஷங்களில் என் அம்மா திண்ணையில் பெட்டி ஒட்டிக்கொண்டிருந்தாள். 144 பெட்டி ஒரு குரோஸ், கணக்கு குரோஸில்தான். பள்ளிக்கூடம் விட்டு வந்தபின் நானும் லேபிள் ஒட்டியிருக்கிறேன். லேபிளில் மயில், சாவி, அணில். கோணலாக ஒட்டினால் பெட்டி திரும்பி வரும்.

லேபிளுக்காக வந்த அச்சுக்கூடங்களே பிறகு காலண்டரும் வாழ்த்து அட்டையும் அச்சடித்தன. நம் விமர்சன மொழியில் ‘சிவகாசிக் காலண்டர்’ என்பது வசவு. நானும் ஒரு கவிஞரை அப்படித் திட்டி எழுதியிருக்கிறேன். ஆனால் கோவில்பட்டியில் இருந்த கொண்டையராஜு (1898–1976) வரைந்த லட்சுமியும் முருகனும் அந்த அச்சில் ஏறித்தான் எங்கள் வீட்டுச் சுவருக்கு வந்தார்கள். சென்னைக் கலைப்பள்ளியில் படித்து, ரமணாசிரமத்தில் சிலகாலம் இருந்து, நாடகக் கம்பெனிக்குத் திரை எழுதி, கடைசியில் கரிசலில் தங்கிவிட்டவர் அவர். கன்னத்து ரோஜா நிறமும், முகத்தின் பின்னால் பரவுகிற ஒளியும் எனக்கு அங்கிருந்து வந்தவை. அமெரிக்கக் கேப்டனின் முகத்தில் நான் பூசுகிற நிழல் நீலமாக இறங்குவது ஏன் என்று மைத்துனன் கேட்டான். அது முருகன் காலண்டரின் நீலம். தெரிந்து செய்யவில்லை.

அதே ஊரிலிருந்துதான் 1972ல் முத்து காமிக்ஸ் வெளிவந்தது. 1984ல் லயன் காமிக்ஸ். முத்துவின் முதல் இதழ் ‘இரும்புக்கை மாயாவி’. இங்கிலாந்தில் ‘வேலியண்ட்’ என்ற வாரப் பத்திரிகையில் 1962ல் தொடங்கிய தொடர்; ஸ்பெயின்காரரான ஹேசூஸ் பிளாஸ்கோ வரைந்தது. ஸ்பைடர்மேன் பிறந்ததும் அதே வருஷம்தான். அமெரிக்கக்காரன் உலகமெல்லாம் போனான், பொம்மையானான், பெட்டிக்குள் பிளாஸ்டிக்காக வந்தான். ‘வேலியண்ட்’ 1976ல் நின்றுபோயிற்று. அதன் நாயகன் தமிழில் மறுபதிப்பு மறுபதிப்பாக வந்துகொண்டே இருந்தான். அருப்புக்கோட்டையில் பழைய பேப்பர் கடையில், அட்டை கிழிந்து, எடைக்குக் கிடந்த இதழ்களில்தான் நான் அவனைச் சந்தித்தேன்.

6

ஆகவே பெட்டியிலிருந்த பத்து உருவங்களும் முடிந்ததும் பதினோராவதாக அவனைச் செய்ய நினைத்தேன். அச்சு கிடையாது. எம்-சீல் பிசைந்து கம்பியில் ஏற்றவேண்டியதுதான். முதல் கேள்வி, என்ன நிறம்?

இந்தக் கேள்வி அற்பமானது இல்லை. லீ ஃபாக் 1936ல் படைத்த வேதாளனின் உடை கறுப்பு வெள்ளைத் தொடரில் நிறமற்று இருந்தது. 1939ல் ஞாயிறு வண்ணப் பக்கம் தொடங்கியபோது ஊதாவாக அச்சாயிற்று. இத்தாலியில் அதே உடை சிவப்பு, ஸ்வீடனில் நீலம். ஒவ்வொரு நாட்டிலும் ஓர் அச்சுக்கூடம் தீர்மானித்ததை அந்த நாட்டுக் குழந்தைகள் உண்மை என்று நம்பினார்கள். இரும்புக்கை மாயாவியின் மூலப் பக்கங்களோ கறுப்பு வெள்ளை. நிறத்தை வாசகன்தான் கொடுத்துக்கொள்ள வேண்டும்.

ஆனால் அவன் விஷயத்தில் இன்னொரு சௌகரியம் இருந்தது. விபத்தில் வலது கையை இழந்து இரும்புக் கை பொருத்திக்கொண்டவன் லூயிஸ் கிராண்டல். மின்சாரம் பாய்ந்தால் உடல் முழுதும் மறைந்துவிடும்; இரும்புக் கை மட்டும் தெரியும். காற்றில் ஒரு கை மிதந்து வந்து கதவைத் திறக்கும். சிறுவயதில் அது எனக்குப் பயமாக இருந்ததே இல்லை. வேலை செய்கிறவரின் கை மட்டும் தெரிந்து ஆள் தெரியாமல் போவது எங்கள் ஊரில் புதிதில்லை. ஒவ்வொரு தீப்பெட்டியிலும் ஒரு கை இருந்தது, ஆள் இல்லை. நூரம்பர்க் சிப்பாயிலும் அப்படித்தான். விளாச்சேரி லட்சுமியிலும், ‘ஹீரோகிளிக்ஸ்’ கண்களிலும்.

நான் செய்தது இவ்வளவுதான். வட்டமான அடிக்கட்டை ஒன்று. அதன்மேல் பெவிகால் தடவி, ஊரிலிருந்து கொண்டுவந்து சலித்த கரிசல் மண் தூவி, ஈரம் காய்வதற்குள் இரண்டு காலடித் தடங்கள். தடங்களுக்கு மேலே ஒரு மெல்லிய கம்பி. கம்பியின் முனையில் ஒரு கை. முதலில் கறுப்பு, அதன்மேல் இரும்புநிறம் உரசி, கணுக்களில் மட்டும் வெள்ளி. மூன்று இரவு வேலை. முகம் இல்லாததால் கண் எழுதுவது முதலிலா கடைசியிலா என்ற பிரச்சினையும் எழவில்லை. காயாகவும் இல்லாமல் பாவையாகவும் இல்லாமல் அது இரண்டுக்கும் நடுவே நிற்கிறது. போன பொங்கலுக்கு மைத்துனன் வந்தபோது களத்தில் வைத்து ஆடினோம். இரண்டாவது சுற்றிலேயே வெட்டுப்பட்டது.

நண்பரின் கேள்விக்கு இப்போது பதில் சொல்லலாம். தகும், தகாது என்பதில்லை. நான் பொழுதுபோக்காகச் செய்கிற ஒவ்வொரு பூச்சும் வேறு யாரோ, எங்கோ, எண்ணிக்கைக் கணக்கில் செய்தது, இன்றும் செய்துகொண்டிருப்பது. அவர்களுடைய வேலையிலிருந்து அவசரத்தையும் கூலியையும் கழித்துவிட்டு மிச்சத்தை நான் வைத்துக்கொண்டிருக்கிறேன். அந்தக் கையை நன்றாகத்தான் செய்திருக்கிறேன் என்று நினைக்கிறேன். ஆனால் விளாச்சேரி அம்மா சொன்னதற்குப் பிறகு அதைப் பெருமையாகச் சொல்லிக்கொள்ளத் தைரியம் வரவில்லை. கூலி இல்லாவிட்டால் நன்றாகத்தான் செய்யலாம்.